தோட்டா உறையில் கைரேகை தேடினால் மற்றச் சோதனைகள் என்ன ஆகும்?

சுடப்பட்ட தோட்டாவின் உறையில், அதாவது குண்டு பறந்தபின் மிஞ்சும் உலோகக் கூட்டில், கைரேகையை வெளிக்கொணர ரசாயனங்களைப் பயன்படுத்தினால், அதே உறையில் பிறகு டி.என்.ஏ எடுக்க முடியுமா, எந்தத் துப்பாக்கியிலிருந்து சுடப்பட்டது என்று ஒப்பிட முடியுமா, வெடிமருந்து எச்சத்தை ஆராய முடியுமா என்பது கேள்வி. துப்பாக்கி ஒப்பீட்டைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். டி.என்.ஏவை இழக்கும் அபாயம் அதிகம். எச்சத்தைப் பொறுத்தவரை, உறையின் உள்பக்கத்தை எவ்வளவு கவனமாக நடத்துகிறோம் என்பதே தீர்மானிக்கும். மூன்றுக்கும் மூன்று விதமான பதில் ஏன் என்றால், மூன்று தடயங்களும் உறையின் வெவ்வேறு பகுதிகளில் இருக்கின்றன.

முதலில் அடிப்பாகம். அது தட்டையானது, நடுவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர். பிரைமரைக் குத்தித் தீமூட்டும் ஃபயரிங் பின் ஏற்படுத்திய பள்ளம் அங்கேதான் இருக்கிறது. வெடிப்பின் அழுத்தத்தில் உறை பின்னோக்கி மோதும்போது, துப்பாக்கியில் உறையின் அடிப்பாகத்தைத் தாங்கும் பரப்பான பிரீச் முகப்பில் உள்ள நுண்ணிய கீறல்கள் பிரைமர் மீதும் அதைச் சுற்றியும் அச்சாகப் பதிகின்றன. விளிம்பில், உறையை இழுத்தெடுக்கும் கொக்கியின் கீறலும் அதை வெளியே தள்ளும் முனையின் தழும்பும் இருக்கும். சில துப்பாக்கிகளில், சுடும்போது தோட்டா இருக்கும் அறையின் சுவரில் உள்ள கீறல்கள் உறையின் பக்கவாட்டிலும் பதிவது உண்டு. ஆனாலும் எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அடிப்பாகத்தில்தான் இருக்கிறது.

கைரேகையை அங்கே எதிர்பார்க்க முடியாது. துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டியான மேகசினில் அவற்றை ஏற்றுகிறவர் கட்டைவிரலால் பக்கவாட்டை அழுத்தி உள்ளே தள்ளுகிறார். ரேகை, வியர்வை, தோல் அணுக்கள் எல்லாம் அந்த உருளைப் பகுதியில் சேர்கின்றன. வெடிமருந்து எச்சம் உறையின் உள்ளே, கருகிய சுவரில் படிகிறது.

ஆகவே கைரேகைக்கும் துப்பாக்கி ஒப்பீட்டுக்கும் இடையே இடத்தகராறு குறைவு. கைரேகைக்கும் டி.என்.ஏவுக்கும்தான் ஒரே பரப்பில் போட்டி. ஆனால் பலருடைய கவலை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. அமிலம் பட்டு ஃபயரிங் பின் தடம் அழிந்துவிடுமோ என்று அஞ்சுகிறவர்கள், பக்கவாட்டில் ஒரு பிரஷ் உரசினாலே எவ்வளவு பறிபோகிறது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

சுட்டபின் ரேகை என்று ஏதாவது மிஞ்சுமா என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டாவின் உறை சுமார் 19 மில்லிமீட்டர் நீளம்தான். வளைந்த பரப்பு என்பதால் விரல் முழுவதும் அதில் படிவதில்லை. ஒரு குறுகிய பட்டை மட்டுமே தொடுகிறது. அந்தத் தோட்டாவுக்கு ஐரோப்பியத் தரநிர்ணயம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 2350 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். அந்த அழுத்தத்தில் உறை விரிந்து அறையின் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்கிறது. பிறகு அதே சுவரில் உரசிக்கொண்டே வெளியே வருகிறது. சூடான வாயுவும் கரியும் வேறு. வியர்வையில் உள்ள நீரும் எளிதில் ஆவியாகும் பொருள்களும் போய்விடும். கொழுப்பு சிதறும் அல்லது பூசிக்கொள்ளும். சுடப்பட்ட உறையில் ஒப்பீட்டுக்குத் தகுதியான ரேகை கிடைப்பது அரிது. துப்பறியும் தொடர்களில் காட்டுவதுபோல உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்ததும் பெயர் தெரிந்துவிடாது. இந்த அரிய வாய்ப்புக்காக மற்றத் தடயங்களில் எதை, எவ்வளவு பணயம் வைக்கலாம் என்பதே உண்மையில் எடைபோட வேண்டியது.

ஆனால் பித்தளைக்கு ஒரு குணம் இருக்கிறது. வியர்வையில் உள்ள குளோரைடு உப்பு செம்பையும் துத்தநாகத்தையும் மெல்ல அரிக்கிறது. ரேகையின் மேடுகள் தொட்ட இடங்களில் உலோகத்திலேயே ஒரு மாற்றம் ஏற்படுகிறது. கொழுப்பும் உப்பும் போனபிறகும் அந்த அரிப்பு நிற்கும். இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயர் காவல்துறையில் தடய அறிவியல் பிரிவில் இருந்த ஜான் பாண்ட் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிய பிறகும் பித்தளையில் ரேகையின் அரிப்பு மிஞ்சக்கூடும் என்று அவர் காட்டினார். உறைக்குச் சுமார் 2,500 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்து, மின்கடத்தும் கறுப்புத் தூள் பூசிய நுண்மணிகளை அதன் மேல் உருட்டினால், அரிப்பு ஏற்பட்ட கோடுகளில் தூள் ஒட்டிக்கொள்ளும். எல்லோருடைய வியர்வையும் ஒரே அளவு அரிப்பதில்லை. தொட்டதற்கும் சுட்டதற்கும் இடையே போதிய காலம் கடந்திருக்க வேண்டும். எனவே இது எப்போதும் கைகொடுக்கும் முறை அல்ல. இருந்தாலும் வரிசையைத் திட்டமிடும்போது இதற்குப் பெரிய மதிப்பு உண்டு. டி.என்.ஏவுக்காக உறையை நனைத்துத் துடைத்த பிறகும் முயன்று பார்க்கக்கூடிய கைரேகை முறை என்பதே காரணம்.

மற்ற முறைகள் பெரும்பாலும் உறையில் மிஞ்சியிருக்கும் வியர்வைப் படிவத்தை நம்பியிருக்கின்றன. அவற்றில் அதிகம் பயன்படுவது சூப்பர் குளூ புகை, அதாவது சயனோஅக்ரிலேட். 1970களின் இறுதியில் ஜப்பானிய காவல்துறையில் தொடங்கிய முறை இது. மூடிய பெட்டியில் ஈரப்பதத்தைச் சுமார் 80 சதவீதத்தில் வைத்து, பசையைச் சூடாக்கி ஆவியாக்குகிறார்கள். ஆவி ரேகையின் மேடுகளில் வெள்ளை பாலிமராகப் படிகிறது. அது பளபளக்கும் உலோகத்தில் சரியாகத் தெரியாது என்பதால், பேசிக் யெல்லோ 40 போன்ற ஒளிரும் சாயக் கரைசலில் நனைத்து, வண்ண ஒளியில் படமெடுக்கிறார்கள்.

புகை மட்டும் என்றால் டி.என்.ஏவை அது சிதைப்பதில்லை. ஆனால் தோல் அணுக்களின் மேல் பாலிமர் மூடிக்கொள்வதால் பஞ்சுக்குச்சிக்கு அவை எளிதில் ஒட்டாமல் போகலாம். கிடைக்கும் அளவு குறையக்கூடும். உண்மையான சேதம் அடுத்த கட்டத்தில் நடக்கிறது. சாயக் கரைசலும் அதைத் தொடரும் அலசலும் ஒட்டாத அணுக்களை அப்படியே அடித்துச் செல்கின்றன. ஆகவே 'சூப்பர் குளூ போட்டாயிற்று' என்று மட்டும் குறிப்பில் எழுதினால் போதாது. சாயம் போட்டார்களா, எதில் கரைத்தார்கள் என்பது தெரியாமல் டி.என்.ஏ ஆய்வாளர் எந்த முடிவுக்கும் வர முடியாது.

துப்பாக்கி ஒப்பீட்டில் இந்தப் பாலிமரின் தொல்லை வேறு விதம். பிரீச் முகப்பின் அச்சில் உள்ள கோடுகள் மிக நுண்ணியவை. அதிகப் புகை பிடித்தால் வெள்ளைப் படலம் அந்தக் கோடுகளை நிரப்பிவிடும். அசிட்டோன் கொண்டு படலத்தை நீக்கலாம் என்பார்கள், நீக்கலாம்தான். ஆனால் பல தோட்டாக்களில் பிரைமரைச் சுற்றி வண்ண அரக்குப் பூச்சு இருக்கும். சில எஃகு உறைகள் முழுவதுமே அரக்குப் பூசியவை. துப்பாக்கியின் தடம் அந்தப் பூச்சின் மேல் பதிந்திருந்தால், அசிட்டோன் பசையோடு சேர்த்து அந்தத் தடத்தையும் கரைத்துவிடும். எனவே அடிப்பாகத்தை முன்கூட்டியே பதிவுசெய்யாமல் புகைப்பெட்டிக்குள் வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

கன் புளூ இன்னும் கடுமையானது. துப்பாக்கி இரும்புக்குக் கருநீல நிறம் கொடுக்கும் அதே வகைக் கரைசல்தான்: செலீனியஸ் அமிலம், செம்பு உப்பு, கூடவே ஒரு வலிய அமிலம். வெறும் உலோகம் கறுக்கும்; கொழுப்பு மூடிய ரேகை மேடுகள் கறுக்காமல் பித்தளை நிறத்திலேயே நிற்கும். பித்தளையில் அருமையான வேறுபாட்டைக் காட்டக்கூடிய முறை. சிக்கல் நேரத்தில் இருக்கிறது. சில நொடிகள் கூடினால் ரேகையும் சேர்ந்து கறுத்துவிடும். திரும்ப எடுக்க வழியில்லை. அமிலத்தில் டி.என்.ஏ சிதையும், மிஞ்சுவதைக் கரைசலும் அலசல் நீரும் கொண்டுபோய்விடும். கன் புளூவுக்குப் பிறகு டி.என்.ஏவுக்கு அனுப்புவது, என் கருத்தில், படிவம் நிரப்பும் வேலைதான்.

துப்பாக்கித் தடங்களைக் கன் புளூ அழித்துவிடும் என்ற அச்சம் மட்டும் சற்று மிகைப்படுத்தப்பட்டது. நீர்த்த கரைசலில் சிறிது நேரம் வைத்தால், ஃபயரிங் பின் பள்ளம் போன்ற ஆழமான தடங்கள் அப்படியே இருக்கும். ஒப்பீடு செய்ய முடியும். ஆனால் நிறம் மாறுவதால் ஒளி பிரதிபலிக்கும் விதம் மாறுகிறது. ஒப்பீட்டு நுண்ணோக்கியில் ஒரு பக்கம் கறுத்த உறை, மறுபக்கம் ஆய்வகத்தில் புதிதாகச் சுட்ட பளிச்சென்ற உறை என்றால், ஒரே கோடுகள்கூட வேறுபோலத் தோன்றும். ஒளிப்படத்தைக் கொண்டு தேடும் கணினித் தரவுத்தளங்களிலும் இதே சிக்கல் வரும். நீண்ட நேரம் ஊறவைத்தால் உலோகமே அரிக்கப்பட்டு மெல்லிய கோடுகள் மழுங்கும்.

ஹைட்ரஜன் பெராக்சைடோடு அசிட்டிக் அமிலம் கலந்த கரைசலும் பித்தளையை அரித்தே ரேகையைக் காட்டுகிறது. கன் புளூவைப் பற்றிச் சொன்னவை இதற்கும் பொருந்தும், டி.என்.ஏவைப் பொறுத்தவரை ஆக்சிஜனேற்றச் சேதமும் கூடுதலாகச் சேர்கிறது. இந்த இரண்டு முறைகளிலும் உறை எந்த உலோகம் என்று முதலில் தெரிய வேண்டும். நிக்கல் பூசிய பித்தளை, எஃகு, அலுமினியம் ஆகியவை ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக வினைபுரியும். வெற்றிடத்தில் தங்கம், துத்தநாகம் ஆகியவற்றைப் படியவைக்கும் முறை உறையை நனைப்பதில்லை என்பதால் டி.என்.ஏவுக்கு ஒப்பீட்டளவில் சாதகமானது. ஆனால் கருவி விலை உயர்ந்தது, எல்லா ஆய்வகங்களிலும் இராது. சாதாரணத் தூளும் பிரஷ்ஷும் சாதுவாகத் தோன்றும், ஆனால் ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு டி.என்.ஏவைக் கடத்துவதில் பழைய பிரஷ்ஷைப் போன்ற ஆபத்தானது வேறில்லை. கண்ணுக்குத் தெரியாத குற்றவாளி இன்னொன்று, குறுகிய அலைநீளப் புற ஊதா ஒளி. ரசாயனம் இல்லாமல் ரேகை தேடுவதற்காக 254 நானோமீட்டர் ஒளியில் உறையை நெடுநேரம் வைத்தால், ஒருவரும் தொடாமலேயே டி.என்.ஏ சேதமாகும்.

டி.என்.ஏவின் நிலைமை ஏன் இவ்வளவு பலவீனம் என்று கேட்டால், பித்தளை ஏற்கெனவே பாதி அழித்துவிட்டது என்பதுதான் பதில். ஒரு மனித உயிரணுவில் இருப்பது சுமார் 6.6 பிகோகிராம் டி.என்.ஏ. வழக்கமான சோதனைகள் 500 முதல் 1000 பிகோகிராம் வரை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை. அதாவது ஏறத்தாழ 75 முதல் 150 அணுக்கள். ஒரு விரல் அழுத்தத்தில் உறையில் சேர்வதும், சுட்டபின் அதில் மிஞ்சுவதும் பெரும்பாலும் இதற்குக் கீழே. போதாக்குறைக்கு, உறையிலிருந்து கரையும் செம்பு அயனிகள் டி.என்.ஏவை ஆக்சிஜனேற்றத்தால் வெட்டுகின்றன, டி.என்.ஏவைப் பெருக்கும் பி.சி.ஆர் வினையையும் தடுக்கின்றன. அதனால்தான் ஈரப் பஞ்சுக்குச்சியால் துடைப்பதைவிட நல்ல வழிகளைத் தேடினார்கள். நெதர்லாந்தில் உறையைக் கரைசலில் ஊறவைத்து எடுக்கும் முறையை உருவாக்கினார்கள். அல்புமின் புரதத்தையும், செம்பைப் பிடித்துவைக்கும் ஒரு சிறு பெப்டைடையும் கலந்த திரவத்தால் அலசிப் பிறகு துடைக்கும் முறையும் வந்தது. இவை டி.என்.ஏ கிடைக்கும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. அதே சமயம் உறையின் மேற்பரப்பு முழுவதையும் அலசிவிடுவதால், வியர்வைப் படிவத்தை நம்பும் கைரேகை முறைகளுக்குக் கதவை மூடிவிடுகின்றன.

ஆகவே சேதம் ஒருவழிப்பாதை அல்ல. கைரேகை டி.என்.ஏவைக் கெடுக்கிறது என்று மட்டும் பேசுவது பாதி உண்மை. டி.என்.ஏவை முதலில் எடுத்தால் பெரும்பாலும் அரிப்பை நம்பும் கைரேகை முறைகள்தான் மிஞ்சும். கைரேகையை ரசாயனத்தால் முதலில் தேடினால், டி.என்.ஏவின் வாய்ப்பு பூஜ்யத்தை நோக்கிச் சரியும்.

இனி எச்சம். பிரைமரில் பொதுவாக இருக்கும் ஈயம், பேரியம், ஆன்டிமனி சேர்ந்த நுண்துகள்கள் உறையின் உள்ளே நிறையவே இருக்கும். சந்தேக நபரின் கையிலோ உடையிலோ கிடைத்த துகள்களோடு அவற்றை ஒப்பிடுவது சில வழக்குகளில் முக்கியம்; ஈயமில்லாத பிரைமர் என்றால் துகள்களின் கூட்டமைப்பே வேறு. சாயமோ கன் புளூவோ உள்ளே புகுந்தால் துகள்கள் இடம்பெயரும், கரையக்கூடியவை கரையும், வெளியிலிருந்து செலீனியம், செம்பு போன்றவை சேரும். உறையின் வாயை அடைத்துவிட்டு வெளிப்புறத்தை மட்டும் நனைப்பது, அல்லது உள்பக்க மாதிரியை முன்கூட்டியே எடுத்துவிடுவது, இரண்டில் ஒன்று போதும்.

சுட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பதைக் கணிக்க உள்ளிருந்து ஆவியாகும் சேர்மங்களை அளப்பது மட்டும் விதிவிலக்கு. அதற்குக் கிடைத்தவுடன் காற்றுப்புகாமல் மூடிவைத்திருக்க வேண்டும். ஈரப்பதமும் சூடும் நிறைந்த சூப்பர் குளூ பெட்டிக்குள் ஒருமுறை போய்வந்த உறைக்கு அந்தச் சோதனையை மறந்துவிடலாம். இன்னொன்று: சம்பவ இடத்தில் பேனாவையோ குச்சியையோ உறையின் வாய்க்குள் விட்டுத் தூக்குவது வெளிப்பரப்பைக் காப்பாற்றும், ஆனால் உள்ளே உள்ள எச்சத்தைச் சுரண்டும். பிளாஸ்டிக் நுனி கொண்ட இடுக்கியால் விளிம்பருகே பிடிப்பது நல்லது. எஃகு இடுக்கியால் விளிம்பைப் பிடித்தால் கொக்கியின் தடத்துக்கு அருகில் புதிய கீறல் விழும். ஒவ்வொரு உறையும் தனித்தனியாக, அசையாதபடி, காகிதப் பெட்டியில் போக வேண்டும். பஞ்சில் பொதிந்தால் ரேகையைப் பஞ்சே துடைத்துவிடும்.

அப்படியானால் வரிசை என்ன? எந்தத் தயாரிப்பும் இல்லாமல் முதலில் வெறும் ஒளியில் பார்த்துப் படமெடுப்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். எல்லாப் பக்கங்களையும், உறையைச் சுழற்றி. இதில் ரேகை தெரிந்துவிட்டால் பாதித் தலைவலி தீர்ந்தது. அடுத்து அடிப்பாகத்தைத் தொடாமல் முப்பரிமாணத்தில் பதிவுசெய்ய வேண்டும். ஒளியைக் கொண்டு பரப்பின் மேடுபள்ளங்களை அளக்கும் கருவிகள் இப்போது இருக்கின்றன. நிறம் பின்னர் மாறினாலும் இந்தப் பதிவு மாறாது. உறையை மெழுகிலோ களிமண்ணிலோ ஊன்றி நிறுத்துவது துப்பாக்கிப் பிரிவினரின் பழைய பழக்கம். டி.என்.ஏ எடுக்கும் முன் அந்தப் பழக்கம் கூடாது. சிலிக்கோன் வார்ப்பு எடுப்பதும் அப்படித்தான்: வார்ப்பு, உறையில் தான் தொட்ட இடத்தில் ஒட்டியிருப்பதைத் தூக்கிக்கொண்டு வரும்.

அதன்பிறகு டி.என்.ஏவா, கைரேகையா என்ற இடத்தில் எல்லா வழக்குக்கும் பொருந்தும் விதி கிடையாது. சுடப்பட்ட பித்தளை உறைகள் என்றால் நான் பொதுவாக டி.என்.ஏவின் பக்கம் சாய்வேன். ரேகை கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, அலசிய பிறகும் அரிப்பு முறை ஒன்று கையில் இருக்கிறது. சுடப்படாத தோட்டாக்கள் மேகசினில் கிடைத்தால் நிலைமை தலைகீழ்: உரசலும் வெப்பமும் படாதவை, ரேகைக்கு உண்மையான வாய்ப்பு உள்ளவை. பல உறைகள் ஒரே இடத்தில் கிடைத்திருந்தால் பங்கிட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். முப்பரிமாணப் பதிவு அவை எல்லாம் ஒரே துப்பாக்கியில் சுடப்பட்டவை என்று காட்டினால், சிலவற்றை டி.என்.ஏவுக்கும் சிலவற்றைக் கைரேகைக்கும் ஒதுக்கலாம். ஒரே துப்பாக்கி என்பதால் ஒரே ஆள் எல்லாத் தோட்டாக்களையும் ஏற்றினார் என்று நிரூபணமாகிவிடாது. அந்த எச்சரிக்கையோடுதான் பங்கிட வேண்டும்.

டி.என்.ஏவோ ரேகையோ கிடைத்தாலும், அது தோட்டாவைத் தொட்டவரைச் சொல்கிறது, சுட்டவரை அல்ல. டி.என்.ஏ என்றால் ஒரு படி மேலே போய், நேரில் தொடாமலும் பொருளுக்குப் பொருள் தாவியிருக்கலாம். அதனால் 'யார் ஏற்றினார்' என்பது வழக்கில் ஒரு பிரச்சினையே இல்லை என்றால், 'எந்தத் துப்பாக்கி' என்ற கேள்விக்காக மட்டும் உறையை வைத்துக்கொண்டு, பக்கவாட்டு ரசாயனச் சோதனைகளைத் தவிர்ப்பதிலும் தவறில்லை. விசாரணை அதிகாரி ஆய்வகத்துக்கு அனுப்பும் கடிதத்தில் என்ன தெரிய வேண்டும் என்று எழுதினால் இந்த முடிவு எளிதாகும். 'தேவையான சோதனைகளைச் செய்யவும்' என்று மட்டும் எழுதி அனுப்பினால், எந்தப் பிரிவு முதலில் பெட்டியைத் திறக்கிறதோ அந்தப் பிரிவின் பழக்கமே உறையின் கதியை முடிவுசெய்யும்.

சுடப்படாத தோட்டாவில் மட்டும் இவற்றோடு பாதுகாப்பும் சேர்ந்துகொள்கிறது. அதில் பிரைமர் உயிரோடு இருக்கிறது. 2,500 வோல்ட் கொடுக்கும் மின்னேற்ற முறைக்கும், உலோகத்தைச் சூடாக்கும் எந்த முறைக்கும் அதை அப்படியே உட்படுத்தக் கூடாது. சூப்பர் குளூ பெட்டியில் வைப்பதென்றால் பசையைச் சூடாக்கும் தட்டிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். கரைசலில் நனைக்கும் முன் குண்டையும் வெடிமருந்தையும் பிரித்தெடுப்பதுதான் பாதுகாப்பு. பிரிக்கும்போது கருவி பிடிக்கும் இடம் பக்கவாட்டு ரேகையின் மேலோ, தோட்டா மேகசினிலிருந்து அறைக்குள் ஏறி இறங்கியதால் விழுந்த தடங்களின் மேலோ வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் பிரித்தெடுக்கும் வேலைக்கு முன்பே படமும் முப்பரிமாணப் பதிவும் முடிந்திருக்க வேண்டும்.